துரைக்கண்ணுவின் தொப்பை

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த குளக்கரையில் பச்சையம்மா என்ற எலி குடியிருந்தாள். குளம் என்றதும் தாமரையைத் தேடாதீர்கள். அழுகிய முட்டைக்கோசும் ஒற்றைச் செருப்பும்தான் அதில் மிதக்கும். கரை நெடுக வளைக்கு வளை ஒட்டி எலிகளும் பெருச்சாளிகளும் வசித்தன.

பச்சையம்மாவுக்கு ஒரே பிள்ளை. பெயர் துரைக்கண்ணு. புருஷனைப் பூனை கொண்டுபோய்விட்டது. அதனால் விடிந்ததும் அவளே மார்க்கெட்டுக்கு ஓடுவாள். நாள் முழுக்க மூட்டைகளுக்குள் நுழைந்து நாலு வேர்க்கடலை, ஒரு துண்டு கருவாடு, கொஞ்சம் முருங்கைக்கீரை என்று தேடிக்கொண்டு வருவாள். ஆனால் அதை ஊட்டுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். துரைக்கண்ணு கீரையைத் துப்புவான். கடலையை உருட்டி விளையாடுவான்.

இதையெல்லாம் புங்கமரத்திலிருந்து ஏகாம்பரம் என்ற காக்கை பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் இறங்கி வந்தான்.

"என்ன பச்சையம்மா, இன்னுமா கருவாடு ஊட்டுறே? நாத்தம் தாங்கலையே! பங்களாப் பிள்ளைங்க என்ன சாப்பிடுது தெரியுமா? இதோ பாரு!"

சிவப்பும் மஞ்சளுமாக மினுங்கும் ஒரு பொட்டலத்தை அவள் முன்னால் போட்டான். உள்ளே மசாலாத் தூளில் புரண்ட நொறுக்குத் தீனி! துரைக்கண்ணு ஓடி வந்து பொட்டலத்துக்குள் தலையை விட்டான். கரக் முரக்! கரக் முரக்! கண்மூடித் திறப்பதற்குள் பாதி காலி.

"என் பிள்ளை தானாச் சாப்பிடுறானே!" பச்சையம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தினம் ஒண்ணு கொண்டு வரேன். பதிலுக்கு எனக்கு என்ன வேணும்? அந்த நாத்தம் பிடிச்ச கருவாட்டையும் கடலையையும் குடுத்துடு. எங்கயாவது போட்டுத் தொலைக்கிறேன்!" என்றான் ஏகாம்பரம். எவ்வளவு பெரிய மனசு!

அன்று முதல் காலையில் பிள்ளை கையில் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள் பச்சையம்மா. சாயங்காலம் வரை அழுகைச் சத்தமே இல்லை. ஓடி ஓடிக் கால் தேய்ந்தவளுக்கு அது எத்தனை பெரிய நிம்மதி! அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு மாதத்தில் துரைக்கண்ணுவுக்குத் தொப்பை வந்தது. கால்கள் குச்சியாயின. ஆனால் தொப்பை முன்னால் நின்றதால் காலை யாரும் பார்க்கவில்லை. கறுகறுவென்று இருந்த மயிரும் செம்பட்டையாகிவிட்டது.

"தொப்பையைப் பாரு, பணக்காரக் களை! மயிரைப் பாரு, சீமை நிறம்! பேருக்கேத்த துரைதான்!" என்றான் ஏகாம்பரம்.

பச்சையம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே கண்பட்டுவிடுமோ என்ற பயமும் பிடித்துக்கொண்டது. கரியைத் தொட்டுத் தொப்பையின் நடுவில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். தொப்பை வளர வளரப் பொட்டும் வளர்ந்தது. யார் கண்ணிலும் படக் கூடாதென்று பிள்ளையை வளையை விட்டு வெளியே விடவும் இல்லை.

பக்கத்து வளைப் பெருச்சாளி எல்லம்மா, நாலு பிள்ளை பெற்றவள், ஒரு நாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, பிள்ளை எழுந்து நடக்கவே மாட்டேங்கிறானே?"

"பாத்தியா, பாத்தியா! கண்ணு வெச்சிட்டியே!" என்று கத்தினாள் பச்சையம்மா. எல்லம்மாவின் காலடி மண்ணை அள்ளிப் பிள்ளைக்குச் சுற்றிப் போட்டாள். போட்ட மண் எல்லம்மாவின் மூக்கிலேயே விழுந்தது. அவள் நாலு தும்மல் தும்மிவிட்டு வாயை மூடிக்கொண்டு போனாள்.

ஐப்பசி பிறந்தது. ஒரு சாயங்காலம் பெய்த பேய்மழையில் குளம் பொங்கி வளைகளுக்குள் புகுந்தது. எல்லோரும் புங்கமரத்துக்கு ஓடினார்கள். எல்லம்மாவின் பிள்ளைகள் வரிசையாக வேரைப் பிடித்து ஏறிவிட்டன. துரைக்கண்ணு மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

"அம்மா, கால் வரலை."

அந்தத் தொப்பையைத் தன்னால் தூக்க முடியாதென்று நினைத்த பச்சையம்மா கையைப் பிடித்து இழுத்தாள், நடக்கச் சொல்லிக் கெஞ்சினாள். தண்ணீர் தொப்பை வரை ஏறியது. திருஷ்டிப் பொட்டு கரைந்து ஓடியது.

"ஏகாம்பரம் அண்ணே! பிள்ளையைத் தூக்குங்கண்ணே!"

"அந்தத் தொப்பையையா? என் அலகு ஒடிஞ்சிடும், தாயி!"

எல்லம்மாதான் திரும்பி ஓடி வந்தாள். தொப்பையை ஒரு பார்வை பார்த்தாள். கால்களை ஊன்றி, மூச்சைப் பிடித்து, பிள்ளையின் பிடரியைக் கவ்வி ஒரே தம்மில் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பிள்ளையோடு மல்லாக்க விழுந்தாள்!

"என்னாடி இது! பிள்ளையா, காலிப் பொட்டலமா? எடையே இல்லையே!"

பச்சையம்மா பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்தாள். தொப்பைக்கு மேலே விலா எலும்புகள் ஒவ்வொன்றாக அவள் கைக்குத் தட்டுப்பட்டன. அவள் ஓவென்று அழுதாள். இத்தனை நாள் தடவிக் கொடுத்ததெல்லாம் தொப்பையை மட்டும்தான்.

எப்படியோ மரத்தில் ஏறினார்கள். ஏகாம்பரத்தின் கூட்டுக்குக் கீழே ஒரு கிளையில் ஒதுங்கினார்கள். மேலே பார்த்தால் கொழுகொழுவென்று மூன்று குஞ்சுகள்! ஒன்று வேர்க்கடலை கொறித்தது. மற்ற இரண்டும் ஒரு கருவாட்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தன. பளபளக்கும் பொட்டலங்களும் அங்கே இருந்தன. மழை ஒழுகாமலிருக்க அவற்றைக் கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தான் ஏகாம்பரம்.

"உன் பிள்ளைங்களுக்கு ஏன் அந்தத் தீனியைக் குடுக்கல?" என்று கேட்டாள் பச்சையம்மா.

"நல்லா இருக்கே கதை! வளர்ற பிள்ளைங்களுக்கு அதையா குடுப்பாங்க?"

சொன்ன பிறகுதான் ஏகாம்பரம் அலகை மூடினான். பச்சையம்மா ஒரே தாவலில் ஏறிக் கருவாட்டைப் பிடுங்கினாள். போகிற போக்கில் அவன் வாலில் இரண்டு இறகையும் பிடுங்கிக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்ததும் அவளும் எல்லம்மாவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருத்தி மார்க்கெட்டுக்குப் போனால் இன்னொருத்தி ஐந்து பிள்ளைகளையும் வெயிலில் உட்காரவைத்து ஊட்டுவாள். நாலு பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்பதைப் பார்த்துத் துரைக்கண்ணுவும் கீரைக்கு வாய் திறந்தான். தொப்பை வற்றவும் கால் தேறவும் தை மாதம் ஆனது.

வாலில் இறகு குறைந்த ஏகாம்பரம் ஒரு நாள் புதுப் பொட்டலத்தோடு மறுபடி வந்தான். "இதுல விட்டமின் சேர்த்திருக்கு, பச்சையம்மா! மேலேயே எழுதியிருக்கு!"

"அப்படியா? முதல்ல உன் கடைக்குட்டிக்கு ஒரு வாய் ஊட்டு. நான் பார்க்கிறேன்!" என்றாள் அவள்.

ஏகாம்பரம் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு பறந்தே போனான்.

கொண்டு வருகிறவன் தன் பிள்ளைக்கு ஊட்டாததை நம் பிள்ளைக்கு ஊட்டக் கூடாது. வயிறு உப்பியதைப் பார்த்துப் பிள்ளை வளர்ந்துவிட்டதாக ஏமாறவும் கூடாது.