யானை காலைப் பார்த்து வைத்த கதை

ஒரு காட்டில், ஆறு வளைந்து செல்லும் இடத்தில், கூழாங்கற்களின் நடுவே ஆட்காட்டிக் குருவி ஒன்று முட்டையிட்டிருந்தது. அதற்குக் கூடு கட்டத் தெரியாது. சென்ற மழைக்காலத்தில் அதன் முட்டைகளை எல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. இம்முறையும் மேற்கே கருமேகம் திரண்டுகொண்டிருந்தது.

"ஒரு கரை எழுப்பினால் முட்டைகள் பிழைக்கும்," என்றது அருகில் வசித்த முயல். "மரம் சுமக்க யானையார் வேண்டும். இடுக்குகளில் நீர் புகாதபடி புல்லைப் பின்னத் தூக்கணாங்குருவியார் வேண்டும்."

"இருவரும் பெரிய கைகாரர்கள். நீ அழைத்தால் வருவார்களா? என்னிடம் விடு!" என்று வாலை உயர்த்திக்கொண்டு புறப்பட்டது நரி.

"ஐயா, ஒரு வேலைக்கு வந்தால் கட்டுக் கட்டாகக் கரும்பு தருகிறோம்!" என்று யானையிடம் சொன்னது.

"எனக்குப் பின்னால் மூங்கில் காடே இருக்கிறது. இன்னும் தின்றால் வயிறுதான் வலிக்கும்," என்று யானை கண்ணை மூடிக்கொண்டது.

"உமக்கு நெசவு வேந்தர் என்று பட்டம் சூட்டுகிறோம்!" என்று தூக்கணாங்குருவியிடம் சொன்னது.

"இந்தப் பனையில் தொங்கும் கூடுகளைவிடவா ஒரு பட்டம்? வழியைப் பாரும், நரியாரே!"

"இருவருக்கும் தலைக்கனம்!" என்று முணுமுணுத்தபடி நரி திரும்பியது.

பிறகு முயல் சென்றது, குழந்தைகளே. அது வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. "ஆற்றங்கரையில் ஓரிடத்தைப் பார்த்து உங்கள் கருத்தைச் சொன்னால் போதும்," என்று இருவரையும் அழைத்து வந்தது.

யானை கரையில் காலை வைக்கப் போயிற்று. ஆட்காட்டி சிறகை விரித்து அதன்முன் பாய்ந்தது.

"காலைப் பார்த்து வையுங்கள்! உடம்பு இவ்வளவு பெரிது, கண் மட்டும் ஏன் இவ்வளவு சிறிது?"

யானை, தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றது.

தூக்கணாங்குருவி முட்டைகளை உற்று நோக்கியது. "சுவர் எங்கே? தடுப்பு எங்கே?"

"எனக்குக் கட்டத் தெரியாது, அண்ணா. காவல் காக்கத்தான் தெரியும். யாரையும் விரட்டிவிடுவேன். வெள்ளத்தைத்தான் விரட்ட முடியவில்லை."

யானை தூக்கிய காலை மெல்லப் பின்னே வைத்தது.

"விழுந்து கிடக்கும் தேக்கை இங்கே கிடத்தலாம்," என்றது யானை.

"தேக்கு மட்டும் போதுமா? இடையில் மூங்கிலை நடும். அதில்தான் என் புல் பிடிக்கும்!" என்றது தூக்கணாங்குருவி.

"இன்னும் கூலி பேசவில்லையே!" என்று பதறியது நரி.

"விலகி நில்லும், நரியாரே! மழை வருகிறது!" என்றன இரண்டும்.

மழை வந்தது. வெள்ளமும் வந்தது. அவை எழுப்பிய புதுக் கரையில் மோதி, முணுமுணுத்துக்கொண்டு விலகிப் போயிற்று.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளைக் காண ஆசையோடு வந்தது யானை.

"காலைப் பார்த்து வையுங்கள்!" என்று தாயோடு சேர்ந்து குஞ்சுகளும் அதட்டின.

யானை மிகுந்த பணிவுடன் காலைப் பார்த்து வைத்தது.

நீதி: கூலிக்கும் புகழுக்கும் அசையாத திறமைசாலிகள், தம் திறமையால் யார் வாழ்வார் என்பதைக் கண்ணால் கண்டால் தாமே முன்வருவர்.