வைரக்கண்ணு வைக்காத விருந்து

உலகாயி அம்மைக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் பாடம் கேட்க வரும் வைரக்கண்ணுவுக்கு ஐம்பத்தொன்று. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். யார் குரு, யார் சீடர் என்று வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். அவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் இல்லை.

பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் அவளுடைய மடம். மடம் என்று பெயர்தான் பெரிது. ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கஞ்சிப் பானை, அவ்வளவுதான்.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் காலை, கஞ்சி ஊற்றும் நேரத்தில் வைரக்கண்ணு உள்ளே ஓடி வந்தார். கால் தரையில் படவில்லை. கக்கத்தில் ஒரு கட்டு அழைப்புப் பத்திரிகை, கையில் அட்டை போட்ட புது நோட்டு.

"அம்மா, தீந்துச்சு! என் கடன் அத்தனையும் ஒரே நாள்ல தீந்துச்சு!"

"அடைச்சிட்டீங்களாண்ணே?"

"அடைக்கப் போறேன். ஆடி இருபத்தஞ்சு, நம்ம மொய்விருந்து!"

அந்தப் பக்கத்து வழக்கம் அது. கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம். பந்தல் போட்டு ஊரைக் கூப்பிட்டு ஆட்டுக்கறிச் சோறு போட்டால் போதும். சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். பிறகு அவரவர் விருந்து வைக்கும்போது வாங்கிய மொய்யை மேலே கொஞ்சம் கூட்டிப் போட்டுத் திருப்பி எழுத வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒருவருடைய முறை வரும்.

வைரக்கண்ணு தேங்காய் வியாபாரி. ஐந்து வருடத்துக்கு முன்பு வைத்த விருந்தில் ஏழு லட்சம் விழுந்தது. அதில் ஒரு கார் வாங்கினார். மீதியை மாடியில் அறை கட்டுகிறேன் என்று கரைத்தார். அப்புறம் மற்றவர்கள் விருந்து ஒவ்வொன்றாக வந்தது. திருப்பி எழுத கையில் காசில்லை. கடன் வாங்கி எழுதினார். அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கினார்.

இன்றைக்கு ஏழு பேரிடம் ஐந்து லட்சம் நிற்கிறது. அதில் மூன்று லட்சம் கோட்டைச்சாமி என்ற வட்டிக்காரரிடம், வீட்டுப் பத்திரத்தின் மேல் வாங்கியது. ஆடி முடிவதற்குள் கட்டாவிட்டால் வீடு கோட்டைச்சாமிக்கு. மீதி இரண்டு லட்சம் கடைத்தெருவில் ஆறு கடைக்காரர்களிடம்.

"பத்து லட்சம் விழும்மா. கோட்டைச்சாமி மூஞ்சியில விட்டெறிஞ்சு பத்திரத்தை வாங்கிடுவேன். இதோட நான் கடன்லேருந்து வெளிய வந்துருவேன்ல?"

உலகாயி கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகமும் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, அப்ப முதல் மொய் என்னோடது! விருந்து வரைக்கும் என்னாலே பொறுக்க முடியாது, இப்பவே எழுதிடுறேன். நோட்டைப் பிரிங்க."

வைரக்கண்ணுவுக்குப் புல்லரித்துவிட்டது. குருவின் கையால் முதல் மொய்! நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆனா கையில காசில்லையே. ஒரு ஆயிரம் கடனாக் கொடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி, இரண்டு கையாலும் அவரிடமே நீட்டினாள்.

"உலகாயி, ஆயிரம். எழுதிக்குங்க."

எழுதினார்.

"பரிமளம், இங்க வா!" என்று சமையல்காரம்மாவைக் கூப்பிட்டாள். "அண்ணன் வீட்டு மொய். உன்கிட்ட காசு இருக்கா?"

"எங்கிட்ட ஏதும்மா?"

"அண்ணே, இவளுக்கும் ஒரு ஆயிரம் கடன் கொடுங்க."

அதே இரண்டு தாள் பரிமளத்தின் கைக்குப் போய் வைரக்கண்ணுவிடமே திரும்பி வந்தது. பரிமளம், ஆயிரம். அடுத்தது தோட்ட வேலை பார்க்கும் அடைக்கலம். அவர் தாளைக் கையில் வாங்கியதும் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கஞ்சி குடிக்க வந்திருந்த இரண்டு பெண்கள். அவர்களும் கடன் வாங்கினார்கள், மொய் எழுதினார்கள்.

"எவ்வளவுண்ணே விழுந்திருக்கு?"

"அஞ்சாயிரம்மா!" வைரக்கண்ணு உற்சாகத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

"சாப்பாட்டுச் செலவு யாரு கொடுக்கிறது? கறிக்கடைக்காரர் நிக்கிறார் பாருங்க." அவள் அவர் கையிலிருந்த இரண்டு தாளையும் உருவிப் பரிமளத்தின் கையில் வைத்தாள். "நீதான் கறிக்கடை."

வைரக்கண்ணு நோட்டைப் பார்த்தார். ஐந்து பெயர், ஐயாயிரம் ரூபாய். கையைப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை.

"எங்க அஞ்சு பேருக்கும் திருப்பி எப்ப எழுதுவீங்க?" என்றாள் உலகாயி. "மேல ஐந்நூறு கூட்டிப் போடணும்ல?"

"இது ஏமாத்தும்மா! ஒரே ஆயிரத்தைச் சுத்திச் சுத்தி விட்டீங்க."

"எந்தச் சுத்துல ஏமாத்துண்ணே? யாராவது கணக்கு மாத்தி எழுதினோமா?"

"என் விருந்துக்கு வர்றவங்க அவங்கவங்க சொந்தக் காசைல்ல கொண்டு வருவாங்க!"

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். போன ஆடியில திருமேனி விருந்துக்கு இருபதாயிரம் எழுதினீங்களே, அது எங்கேருந்து வந்துச்சு?"

அது கோட்டைச்சாமியிடம் வாங்கியது. திருமேனி அந்த மொய்யை வாங்கிக் கோட்டைச்சாமிக்குத்தான் கட்டினார் என்பதும் வைரக்கண்ணுவுக்குத் தெரியும்.

உலகாயி பரிமளத்திடமிருந்து அந்த இரண்டு தாளையும் வாங்கி அவர் சட்டைப் பையில் திரும்ப வைத்தாள்.

"இது எவ்வளவு?"

"ஆயிரம்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ஆயிரம்தாம்மா."

"சரி. கஞ்சி குடிங்க."

தலைகால் புரியாமல் ஓடி வந்த மனுஷர், நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"விருந்தை நிறுத்த முடியாதும்மா. எம்பத்தாறு வீட்டுக்குப் பத்திரிகை கொடுத்துட்டேன்."

"எம்பத்தாறு வீட்டுக்கும் திரும்பப் போங்க. கடன் இருக்கு, விருந்து இல்லைன்னு சொல்லுங்க."

"மானம் போயிடும்!"

"முதல்ல ஒரு வீட்டுக்குப் போங்க. மானம் போயிட்டா இங்க வாங்க, நான் தேடித் தர்றேன்."

அவருக்குக் கோபம் வந்தது. பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனார். பரிமளம் கவலையாகப் பார்த்தாள். உலகாயி அடுத்த ஆளுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

மறுநாள் மதியம் வாசலில் சத்தம் கேட்டது.

"அம்மா! அம்மோவ்!"

வைரக்கண்ணு போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது அந்த முகம்.

"உக்காருங்கண்ணே. தண்ணி குடிங்க."

"தண்ணி கிடக்கட்டும். கேளுங்க. முதல்ல திருமேனி வீட்டுக்குப் போனேன். வாசப்படியில நின்னு, எனக்கு அஞ்சு லட்சம் கடன் இருக்குய்யா, விருந்து வைக்கலைன்னு சொன்னேன். சொல்லி முடிக்கல, அந்த மனுசன் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு!"

"எதுக்கு?"

"உள்ள கூட்டிட்டுப் போயி ஒரு மஞ்சப்பையைக் காட்டினாரு. அதுல அவுங்க வீட்டம்மா சங்கிலி. எனக்கு மொய் எழுதறதுக்காக அடகுக்கடைக்குக் கிளம்பிட்டு இருந்திருக்காரு. அந்தம்மா சங்கிலியை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டு, அண்ணே ஒரு வாய் காபி குடிச்சிட்டுத்தான் போவணும்னுச்சு. அந்த மாதிரி காபி நான் குடிச்சதே இல்லம்மா."

"அப்புறம்?"

"அடுத்த வீட்டுல ஆட்டை விக்கப் புடிச்சுக் கட்டியிருந்தாங்க. நான் சொன்னதும் அவுத்து விட்டுட்டாங்க. அதுக்கடுத்த வீட்டுல மகன் காலேஜுக்கு வச்சிருந்த பணம். அம்மா, ஒரு வீட்டுல பாயசமே வச்சுட்டாங்க! நான் வர்றதுக்கு முன்னாடியே சேதி போயிடுச்சு. வாங்க வாங்கன்னு வாசல்ல நிக்கிறாங்க. நேத்து ராத்திரி வரைக்கும் நாப்பது வீடு, இன்னைக்குக் காலையில நாப்பத்தாறு. பத்திரிகை கொடுக்கப் போனப்ப எம்பத்தாறு வீட்டுலயும் சிரிச்சாங்கம்மா. அந்தச் சிரிப்பு வேற, இந்தச் சிரிப்பு வேற. நான் ஊருக்கு விருந்து வைக்கிறேன்னு நெனச்சேன். ஊரு வயித்துல புளியைக் கரைச்சிட்டு இருந்திருக்கேன்!"

அடைக்கலம் விழுந்து விழுந்து சிரித்தார். உலகாயியும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கேட்டாள்.

"யாரும் கோவிக்கலையா?"

"ரெண்டு பேரு கோவிச்சாங்க. நான் எழுத வேண்டிய மொய் பாக்கி இருக்குல்ல. மேல கூட்டிப் போட முடியாது, வாங்கினதை வாங்கினபடி கொஞ்சங் கொஞ்சமாக் கொடுக்கறேன்னேன். மொணமொணத்தாங்க. ஒத்துக்கிட்டாங்க."

"கோட்டைச்சாமி?"

வைரக்கண்ணுவின் முகம் வாடியது. "அதான் தெரியல. ஆடி முடிய இருபத்தேழு நாள் இருக்கு. மூணு லட்சத்துக்கு எங்க போவேன்?"

"இவ்வளவு தூரம் எதுல வந்தீங்க?"

"கார்லதான்."

சொல்லிவிட்டு அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். தென்னை நிழலில் வெள்ளைக் கார் நின்றது. மாதத்தில் இருபத்தெட்டு நாள் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும் கார். கல்யாணம் காட்சிக்குப் போய் இறங்க மட்டும் எடுப்பது. தேங்காய் ஏற்ற அவரிடம் தனியாகக் குட்டியானை வண்டி இருந்தது.

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பரிமளம் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

"சிந்தாமணி ரெண்டு வருசமாச் சொல்றா," என்றார் கடைசியில். சிந்தாமணி அவர் மனைவி. "நான்தான் கேக்கல."

அன்று மடத்திலிருந்து கிளம்பியவரைப் பதினெட்டு நாள் காணவில்லை.

ஆடி இருபத்திரண்டாம் நாள் காலை ஒரு சைக்கிள் மணி விடாமல் அடித்தது. வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளிலிருந்து குதித்தார். அந்த வயதில் அப்படிக் குதிக்கக் கூடாது. கொஞ்சம் தடுமாறினார். அப்படியும் சிரிப்பு குறையவில்லை.

"அம்மா, பத்திரம்!"

மடியிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் உறைக்குள் வீட்டுப் பத்திரம் இருந்தது. கார் மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்குப் போயிருந்தது. கோட்டைச்சாமி வட்டியோடு முழுவதையும் எண்ணி வாங்கிக்கொண்டு, வேண்டா வெறுப்பாகப் பத்திரத்தைக் கொடுத்தாராம். கொடுக்கும்போதே, மறுபடி தேவைன்னா வாங்க என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்."

"நல்லது."

"இன்னும் கேளுங்க. சிந்தாமணி ஒரு டப்பா வச்சிருக்கா. வசூல் வந்ததும் முதல்ல கடைக்காரங்க தவணை அந்த டப்பாவுக்குள்ள போகுது. மிச்சத்துலதான் மீனு, கறி, என் வெத்தலை எல்லாம். இந்த வாரம் மீனு இல்ல, கருவாடுதான். ஆனா சந்தோசமாத் தின்னோம்மா! மளிகைக்கடைக்கு ரெண்டாயிரம் கட்டிட்டேன். உரக்கடைக்கு ஆயிரத்தைந்நூறு. ஜவுளிக்கடைக்கு இன்னைக்குத்தான் கட்டினேன்."

அடைக்கலம் கை தட்டினார். பரிமளம் தண்ணீர்ச் செம்பைக் கொண்டு வந்து நீட்டினாள். வைரக்கண்ணு குடித்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது.

"ஆனா இன்னும் ரெண்டு லட்சம் நிக்குதும்மா, ஆறு கடையில. மாசம் ஆறாயிரம்னு போட்டாலும் மூணு வருசம் ஆகும் போல. அன்னைக்கு ஒண்ணு கேட்டேன், நீங்க பதிலே சொல்லல. நான் எப்பம்மா கடன்லேருந்து வெளிய வருவேன்?"

உலகாயி சைக்கிளைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எந்த வழியா வந்தீங்கண்ணே?"

"கடைத்தெரு வழியாத்தான். ஜவுளிக்கடையில கட்டிட்டு, அப்படியே மளிகைக்கடை, உரக்கடை, எல்லாரையும் பாத்து ரெண்டு வார்த்தை பேசிட்டு..."

வைரக்கண்ணு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஆறு கடையும் கடைத்தெருவில்தான் வரிசையாக இருக்கின்றன. இந்த ஆடிக்கு முன் மூன்று வருடம் வைரக்கண்ணு அந்தத் தெருவில் கால் வைத்ததே இல்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு, சுடுகாட்டுப் பாதையில் இறங்கி, நாலு கிலோமீட்டர் கூடுதலாக வருவார். காரில் வந்த நாளிலும் அப்படித்தான். இன்றைக்கு அந்தப் பழைய பாதை அவர் ஞாபகத்துக்கே வரவில்லை.

அவர் செம்பைக் கீழே வைத்தார். கண் நிறைந்துவிட்டது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா..." என்றார்.

உலகாயி கஞ்சிக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"திரும்பிப் போறப்பவும் அந்த வழியாவே போங்கண்ணே."