பழுப்பு அடியில் படுத்த கதை

உப்பளத்துக்குப் போகும் நடைபாலத்தின் இரும்புக் கைப்பிடிக்கு போன வருஷம் ஒரே நாளில் பச்சை அடித்துவிட்டுப் போனீரே, உம்மைத்தான் கேட்பது. அடியில் பூச வேண்டியதை எங்கே விட்டீர்? பச்சை பளபளவென்றுதான் இருக்கிறது. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர். இந்தக் கரையில் இது பழைய தவறு. முதலில் செய்தவள் பவளாயி. அவள் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறக்கலாம்.

அந்தக் காலத்தில் காற்றுக்கும் உலோகத்துக்கும் பேச வாய் இருந்தது. பவளாயி அப்போது கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் இந்தக் கரைக்கு வந்தபோது இடுப்பில் இரண்டு தம்பிகள், கையில் ஓர் அரிவாள்மனை, அவ்வளவுதான். மீன் அரிந்தே கூடை சேர்த்தாள், கூடையை வைத்துப் படகு சேர்த்தாள். அவளோடு பேரம் பேசி ஜெயித்தவர் எவரும் கிடையாது. கோபம் வந்தால் கடலே இரண்டடி பின்னால் போகும் என்பார்கள்.

இருட்டியபின் திரும்பும் படகுகள் கரைக்கு முன்னால் நீருக்கடியில் கிடக்கும் பாறையில், அந்தப் பாரில் மோதி உடைந்துகொண்டிருந்தன. பவளாயி எட்டுக் குப்பம் ஏறி இறங்கி, சண்டை போட்டு, இரும்பு சேர்த்து, கரையில் ஒரு விளக்குக் கம்பம் நட்டாள். உச்சியில் தீச்சட்டி. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் படகுகள் பாரைத் தப்பி வந்தன. கம்பம் அழகாக இருக்க வேண்டும் என்று அவளே அவுரி நீலத்தை எண்ணெயில் குழைத்து, இரும்பின் மேல் நேராகப் பூசினாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

ஒரு வருஷம் போயிற்று. தம்பிகள் இருவரும் இன்னும் பதினைந்து பேரும் ஆழ்கடலுக்குப் போயிருந்த நேரம். திரும்பி வர எட்டு நாள் ஆகும். ஒரு மத்தியானம் பவளாயி கம்பத்தில் சாய்ந்தாள். நீலம் பொருக்காக உடைந்து, உள்ளேயிருந்து சிவப்புத் தூள் அவள் தோளில் கொட்டியது. கம்பம் ஆடியது.

"ஏன்டா, இவ்வளவு தூரம் அரித்திருக்கிறதே, வாயைத் திறந்து சொன்னால் என்ன?" என்றாள்.

"எல்லாரும் அழகாக இருக்கிறாய் என்றீர்கள் அக்கா. நானும் அதையே நம்பிவிட்டேன்," என்றது கம்பம். அடுத்த காற்றுக்குத் தான் நிற்கப்போவதில்லை என்றும் மெதுவாகச் சொன்னது.

பவளாயி நேரே அலைவாய்க்குப் போனாள். கடலிலிருந்து உப்பைச் சுமந்து வரும் கொண்டல் காற்று அங்கே உலாத்திக்கொண்டிருந்தது. அதைத் திருடன் என்றாள், திருட்டுத்தீனி தின்கிறவன் என்றாள், இன்னும் இங்கே எழுத முடியாத நாலைந்தும் சொன்னாள். கொண்டல் எல்லாவற்றையும் கேட்டது.

"முடிந்ததா தாயி? இப்போது நான் கேட்கிறேன்," என்றது. "உன் இரும்பும் நானும் செம்மண்ணாக ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பூமிக்குள் கிடந்தோம். உலையில் வைத்து எங்களைப் பிரித்தது யார்? பிரித்த வீட்டுக்கு வந்து நான் கதவைத் தட்டுகிறேன். அதற்குப் பெயர் திருட்டா?"

 பவளாயி ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். தனக்கு வேண்டியதை எல்லாம் அவள் யாரிடமிருந்தாவது பிடுங்கித்தான் எடுத்திருக்கிறாள். பிடுங்கப்பட்ட பக்கத்தில் ஒரு வலி இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

"உன் பக்கம் நியாயம் இருக்கிறது," என்றாள். "ஆனால் முழுசும் தர முடியாது. என் பிள்ளைகள் கடலில் இருக்கிறார்கள்."

கொண்டல் இரும்பில் பாதி தா என்றது. அவள் எழுந்து நடந்தாள். கால் பங்கு என்று பின்னால் குரல் வந்தது. அவள் நிற்கவில்லை. கடைசியில் மேலே போர்த்தும் ஒரு தோல் அளவுக்கு இறங்கியது. அவள் திரும்பி வந்தாள்.

கொண்டல் வழியைச் சொன்னது. அந்தத் தோல் அளவு இரும்பு தன் மனதால் வர வேண்டும், நெருப்பில் வெந்து வர வேண்டும். தனியாகவும் வரக் கூடாது. தனியாக வந்தால் உதிர்ந்துபோய், பின்னால் நிற்கும் கம்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பிடித்து நிறுத்த இன்னொரு உலோகம் கூட வெந்து ஒன்றாக வேண்டும். "அதைக் கம்பத்தின் உடம்போடு உடம்பாகப் பூசு. நான் வந்தால் முதலில் என் ஆளைத்தான் பார்ப்பேன். என்னோடு சேர்ந்துவிட்டதை நான் மறுபடி தொடுவதில்லை."

இரும்பைத் தேடி அவள் எங்கும் போகவில்லை. அரிவாள்மனையை எடுத்து மடியில் வைத்தாள். அதைத் தவிர அவளோடு முதல் நாளிலிருந்து இருந்த பொருள் எதுவும் இல்லை. கேட்பதை விட்டு அதன் அலகைத் தடவினாள்.

"இத்தனை வருஷம் சுறாக் குடலில் கிடந்தேன். நெருப்பாவது மணக்கிறதா பார்ப்போம்," என்றது அரிவாள்மனை.

கரையில், ஏதோ கப்பலில் பாரத்துக்காக வந்து கேட்பாரற்றுக் கிடந்த துத்தநாகக் கட்டி ஒன்று இருந்தது. கத்திக்கும் ஆகாது, ஆணிக்கும் ஆகாது என்று மற்ற உலோகங்கள் அதைக் கிண்டல் செய்யும். "துணைக்கு நான் வரட்டுமா?" என்று அதுதான் கேட்டது.

பவளாயி இரண்டையும் அராவித் தூளாக்கிக் கலந்து சூளையில் இட்டாள். ஒரு பகலும் மறு பகலும் எரித்தாள். திறந்தபோது இரும்பும் இல்லை, துத்தநாகமும் இல்லை. வறுத்த கடலைத் தோல் நிறத்தில் ஒரே பழுப்புத் தூள். கம்பத்தைப் பழைய நீலமும் துருவும் போக வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினாள். தூளை எண்ணெயில் அரைத்துப் பூசினாள். நீலம் போய்ச் சேறு வந்ததா என்று ஊர் சிரித்தது. அவள் திருப்பித் திட்டவில்லை. அதுதான் ஊரைப் பயமுறுத்தியது.

காயும் முன் பழுப்பு பேசியது. இரும்பு பேசியதா, துத்தநாகம் பேசியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "எங்கள் மேல் உன் நீலத்தைப் பூசிக்கொள் பவளாயி. எங்களை யாரும் பார்க்க வேண்டாம். எங்களை விட்டுவிட்டு மட்டும் பூசாதே." அதன்பிறகு அது பேசவே இல்லை. காய்ந்ததும் அவள் மேலே நீலம் பூசினாள்.

எட்டாம் நாள் கொண்டல் வந்தது. நீலத்தில் ஒரு கீறல் கண்டு உள்ளே நாக்கை நீட்டியது. பழுப்பைத் தொட்டது, தன் ஆள் என்று தெரிந்துகொண்டது, பேசிய பேச்சுப்படி விலகிப் போயிற்று. தீச்சட்டி அசையவில்லை. படகுகள் பாரைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தன. தம்பிகள் கொண்டுவந்த மீனை அரிய வீட்டில் அரிவாள்மனை இல்லை. பவளாயி பக்கத்து வீட்டில் இரவல் கேட்டாள். அவள் கெஞ்சி ஒரு பொருள் வாங்கியது அதுவே முதல் தடவை.

அன்று முதல்தான் கடலோரத்து இரும்பைச் சுரண்டித் துடைத்து, கூடி வெந்த உலோகங்களின் அந்த மங்கிய பழுப்பை முதலில் பூசி, காயவிட்டு, அதற்கு மேல் நிறம் வைக்கிறோம். புகழ் நிறத்துக்குப் போகிறது. நிற்பது பழுப்பால்.

பவளாயி தன் தவறை எட்டு நாளைக்குள் சரிசெய்தாள். உமக்கு ஒரு வருஷம் கிடைத்தது. காலையில் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உப்பளத்துக்குப் போகிறவர்கள் நாற்பது பேர். கொண்டல் தன் பேச்சைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறது, மீறியவர் நீர். இந்தக் காற்றுக் காலம் தொடங்கும் முன் வாரும். அந்தப் பச்சையை உம் கையாலேயே சுரண்டும். பழுப்பை வையும்.