யார் பக்கம் ரம்பம்?

“என்னையும் என் பொண்டாட்டியையும் பிசிறில்லாம அறுக்கணும், டாக்டர்” என்றார் உலகநாதன்.

சொல்லிவிட்டு, விரல் உயரப் பொம்மை ஒன்றை மேஜையில் வைத்தார். மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி, கைகோத்து நின்றது. கல்யாண ஃபோட்டோவைப் பார்த்து அவரே செய்து வண்ணம் தீட்டியது.

எஸ்தர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக்கைச் சாத்திவிட்டுக் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுப்பார். ஊரில் பொம்மைப் பைத்தியம் பிடித்தவர்களுக்கெல்லாம் அவர்தான் குரு.

“எதுக்கு அறுக்கணும்?”

“கோச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அவ பாதியைக் கூரியர்ல அனுப்பப் போறேன். பிசிறு இருந்தா, ‘இதைக்கூட உருப்படியா செய்யத் தெரியல’ம்பா. அந்தப் பேச்சை மட்டும் என்னால தாங்க முடியாது.”

டாக்டர் சிரிக்கவில்லை. அதுதான் குருவின் பெருந்தன்மை. தகடு மாதிரி மெல்லிய சின்ன ரம்பத்தையும், பழகிப்பார்க்க ஓர் உடைந்த பிளாஸ்டிக் குதிரையையும் கொடுத்தார்.

உலகநாதன் மனைவி மேல் இருந்த கோபத்தையெல்லாம் குதிரை மேல் காட்டினார். ரம்பம் துள்ளி அவர் விரலைக் கடித்தது.

“அழுத்தாதீங்க சார். முதல்ல உங்க பக்கமா மெதுவா இழுங்க. தடம் விழட்டும். அப்புறம் அறுக்கறது பல்லோட வேலை.”

குதிரையின் நான்கு கால்களும் போன பிறகு கை படிந்தது. வால் பிசிறே இல்லாமல் வந்தது. மனிதருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

ஜோடியை எடுத்தார். கோத்த கைகளுக்கு நடுவே பென்சிலால் கோடு போட்டார்.

“ரம்பத்தைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைக்கப் போறீங்க?”

“கோட்டு மேலயேதான்.”

“ரம்பத்துக்கும் பருமன் இருக்கு சார். அந்த அளவுக்குத் தூளாப் போயிடும். யார் விரல் போகணும்?”

கேட்பானேன்! அவள் பக்கம் வைத்தார்.

அந்த விரலில் மோதிரம் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை முடித் தூரிகையால் அவர் தீட்டிய மோதிரம். கை வரவில்லை.

தன் பக்கம் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் போய்விடும். அதற்கும் மனம் ஒப்பவில்லை.

“பருமனே இல்லாத ரம்பம் இருக்கா டாக்டர்?”

“இருந்தா ஊர்ல இத்தனை வக்கீலுக்கு என்ன வேலை?”

உலகநாதன் ரம்பத்தைக் கீழே வைத்தார். வெகுநேரம் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

“கோமதி, தப்பு என் பேர்லயே இருக்கட்டும். கிளம்பி வா.”

“ஹலோ” என்றாள் கோமதி. “யாரு பேசறது?”