கடலை அடைத்த பானையும் காலிப் பானையும்

முன்னொரு காலத்தில், கப்பலுக்குப் பாய் மட்டுமே துணையாக இருந்த நாளில், ஜப்பான் தேசத்தில் நாமிசாகி என்றொரு துறைமுகப் பட்டினம் இருந்தது. பின்னால் பச்சை மலை, முன்னால் குட்டிக் குட்டித் தீவுகள், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ஊர் பிழைத்தது அழகால் அல்ல. கிழக்கிலிருந்து வரும் நீரும் மேற்கிலிருந்து வரும் நீரும் சந்திக்கும் இடம் அது. நீர் ஏறினால் இரு பக்கத்துக் கப்பல்களும் மிதந்து உள்ளே வரும். நீர் வடிந்தால் வெளியே போகும். நடுவில் அரை நாள் சும்மா கிடக்கும். அந்த அரை நாளில் மாலுமிகள் சோறு தின்பார்கள், கயிறு வாங்குவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். அதில்தான் ஊரே வளர்ந்தது.

அங்கே கயிறு திரிப்பவள் ஒதோசே. எதைக் கண்டாலும் "அது ஏன்?" என்று கேட்காமல் நகர மாட்டாள். அவள் புருஷன் கிசுகே கப்பலில் மேற்கே போயிருந்தான்.

ஊர்த்தலைவர் ஜின்பெய் பேராசைக்காரர். அந்தக் கடலில் ஆக்டோபஸ் பிடிக்க வெறும் மண்பானையைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். இரை கிடையாது, ஆக்டோபஸ் தானாகவே உள்ளே போய் உட்காரும். ஒரு நாள் ஜின்பெய்யின் பானையில் கிழட்டு மாயாவி ஆக்டோபஸ் ஒன்று ஏறி வந்தது.

"என்னை விட்டுடு. ஒரு வரம் தரேன்."

"வந்த கப்பல் எதுவும் கிளம்பக் கூடாது! நின்னாத்தானே காசு!" என்றார் ஜின்பெய்.

"அப்படியே ஆகட்டும்" என்று ஆக்டோபஸ் ஒரே உறிஞ்சு உறிஞ்சியது. நீரின் ஏற்றமும் வடிதலும் பானைக்குள் போய்விட்டன. கடல் ஆறிய கஞ்சி மாதிரி அசையாமல் நின்றது.

முதல் நாள் ஊருக்குத் திருவிழா. இரண்டாம் நாள் அரிசி தீர்ந்தது. மூன்றாம் நாள் தீவுகளுக்கு அப்பால் வந்த கிசுகேயின் கப்பலும் அசையாத நீரில் சிக்கி நின்றுவிட்டது. பாய்மரத்தின் உச்சியில் வெள்ளைத் துணி ஆடியது. குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். ஊரார் தண்ணீரோடு படகில் ஏறித் துடுப்புப் போட்டார்கள், படகு ஒரு முழம்கூட நகரவில்லை. ஒதோசே கரைக்கு ஓடி வந்தாள்.

ஆக்டோபஸோ பானையை விட்டு வெளியே வராமல் கரைப் பாறையில் குந்தியிருந்தது. ஜின்பெய் காலில் விழுந்தார், அசையவில்லை. சாமுராய் ஒருவர் வாளை வீசினார், வாள்தான் வளைந்தது. பத்துப் பேர் பிடித்து இழுத்தார்கள், பிடி இன்னும் இறுகியது.

"இரையே இல்லாத பானைக்குள்ளே இது ஏன் போகுது?" என்று ஒதோசே கேட்டாள்.

"உள்ளே என்னன்னு பார்க்காம அதால இருக்க முடியாதும்மா" என்றார் ஒரு மீனவர்.

'அட, என்னை மாதிரியேதான்!' என்று நினைத்தாள் ஒதோசே. ஒரு காலிப் பானையை எடுத்துப் போய்ப் பாறையில் வைத்து, உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன இருக்கு?" என்றது ஆக்டோபஸ்.

"ஒண்ணுமில்லை ஐயா."

மறுபடி பார்த்தாள், மறுபடி சிரித்தாள். ஆக்டோபஸின் ஒரு கை வெளியே நீண்டது.

"மறைக்காதே பெண்ணே, என்ன இருக்கு?"

"சத்தியமா ஒண்ணுமில்லை."

மூன்றாம் முறை பார்த்தாள். இரண்டு கை, நாலு கை, எட்டுக் கையும் வந்தன. ஆக்டோபஸ் சளக்கென்று புதுப் பானைக்குள் குதித்தது. ஒதோசே பழைய பானையைக் கவிழ்த்துவிட்டாள். அவ்வளவுதான், கடல் சீறிக்கொண்டு ஏறியது, கிசுகேயின் கப்பல் மிதந்து உள்ளே வந்தது. மாலுமிகளின் உதடு வெடித்திருந்தது, ஆனால் அத்தனை பேருக்கும் உயிர் இருந்தது. ஜின்பெய்யே தலைகுனிந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"கெட்டிக்காரிதான்" என்று பானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கடலை மறுபடி அடைக்கட்டுமா? உன் புருஷன் இனிமே உன்னை விட்டு எங்கேயும் போக முடியாது."

ஒதோசே யோசித்தாள். பொய் சொல்வானேன், கொஞ்சம் நன்றாகவே யோசித்தாள். துறை நிறையக் கப்பல்கள் நின்றன. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒருத்தி வழி பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வேண்டாம் ஐயா. போனாத்தானே திரும்பி வர முடியும்?"

ஆக்டோபஸுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "நீ திரிக்கும் கயிறு அறாது, அந்தக் கயிறு கட்டிய கப்பல் கரை சேராமல் போகாது" என்று வரம் தந்து, கடலுக்குள் மூழ்கியது.

நீர் வடிந்தது, கப்பல்கள் போயின. நீர் ஏறியது, கப்பல்கள் வந்தன. கிசுகேயும் போனான், வந்தான், போனான், வந்தான். ஒவ்வொரு தடவையும் ஒதோசே ஒரு செம்பு தண்ணீரோடு துறையில் நின்றாள். அவர்கள் நெடுநாள் நன்றாக இருந்தார்கள், கேட்ட நீங்களும் அப்படியே இருங்கள்.