சுறாவின் பட்டியல்

முன்னொரு காலத்தில், பெயர் தெரிந்தாலும் பயனில்லாத ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ராணி கர்ப்பமானதும் அவரைப் பயம் பிடித்துக்கொண்டது. ராணியின் இலையில் விழும் எதுவானாலும், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கட்டியக்காரன் உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்த பிறகே அவள் வாயில் வைக்கலாம். உத்தரவு.

ஐந்தாம் மாதம் ராணி மீன் கேட்டாள். மடைப்பள்ளி அதிகாரி மாதப்பர் ஆளுயரச் சுறாவை வரவழைத்தார். பெரிய மீன் தின்றால் பெரிய வீரன் பிறப்பான் என்றார். ராஜாவுக்கு அது பிடித்திருந்தது.

அரசவை விகடன் உலகளந்தான் வேண்டாம் என்றான். கடல் நஞ்சு சின்ன மீனில் துளி இருக்கும். அதைத் தின்னும் மீனில் கைப்பிடி. அதையும் தின்னும் சுறாவில் குடம். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு ஆகாது என்றான்.

விகடனை விரட்ட மாதப்பர் காத்திருந்த சமயம் இதுதான். "மன்னா, இவ்வளவு தெரிந்தவர் இன்றைய பட்டியலைத் தாமே எழுதட்டும். ஒன்று விட்டுப்போனாலும் நாடு கடத்துங்கள்." மசாலாவில் யாருக்கும் தெரியாத வேர் ஒன்றைச் சேர்க்க அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்.

ராஜா சரியென்றார். உலகளந்தானும் சரியென்றான்.

உச்சிவேளையில் ராணி இலைமுன் அமர்ந்தாள். பட்டியலை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கட்டியக்காரன் ஆரம்பித்தான்.

"சுறா ஒன்று. அது போன வருஷம் தின்ற சூரை நானூறு. முதல் சூரை தின்ற மத்தி ஆயிரத்து இருநூறு. இரண்டாம் சூரை..."

குழம்பு ஆறியது. கட்டியக்காரனுக்குத் தொண்டை கட்டியது. இதெல்லாம் குழம்பில் இல்லை என்றார் மாதப்பர்.

"தின்றது சுறாவாயிற்று, சுறா குழம்பாயிற்று. எதை விடட்டும், ஐயா?"

"மசாலா எங்கே?"

"நாளை மறுநாள் வந்துவிடும்."

ராணி இலையைத் தள்ளினாள். "எனக்குப் பசிக்கிறது. சுருக்கமான மீன் ஏதும் உண்டா?"

உலகளந்தான் மூடிவைத்திருந்த சட்டியை நகர்த்தி, ஒற்றை ஓலையை நீட்டினான். கட்டியக்காரன் கரகரத்தான்: "நெத்திலி. காலையில் பிடித்தது. தின்றது பாசி. முள்வரை வெந்தது. புளி, மிளகு, உப்பு."

அவன் ஓலையை மடிப்பதற்குள் ராணி நாலு மீன் தின்றிருந்தாள்.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி உலகளந்தானுக்குப் போட்டு, வேறென்ன வேண்டும் என்று கேட்டார்.

"அந்தச் சுறாக் குழம்பு, மன்னா."

"நஞ்சு என்றாயே?"

"நான் கர்ப்பமாக இல்லை."