செக்கு மணி, கொலுசு மணி

செக்காட்டும் தாண்டவனுக்கு எப்போதும் காதில்தான் கவனம். மாட்டின் கழுத்தில் மணியைக் கட்டிவிட்டு உள்ளே எள் புடைத்துக்கொண்டிருப்பான். மணிச் சத்தம் நின்றால் மாடு நின்றுவிட்டது என்று அர்த்தம். உள்ளிருந்தபடியே "ஹை" என்பான். மாடு மறுபடி சுற்றும்.

அன்று ஆற்றங்கரை மடத்துக்கு வந்தவன் கும்பிடக்கூட மறந்து நின்றான். குரு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தாண்டவனைவிட ஆறேழு வயது இளையவர். அவர் சிரித்தால் அக்கரைக்குக் கேட்கும்.

"சாமி, என் வீட்டுக்காரி அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. எட்டு நாளாச்சு."

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலையே. ஒரு வார்த்தை பேசல. கால் கொலுசைக் கழட்டி, மாட்டு மணி தொங்குற ஆணியில மாட்டிட்டுப் போயிட்டா."

மடியிலிருந்து கொலுசை எடுத்து வைத்தான். மணி வைத்த கனத்த கொலுசு.

"ஆசையா வாங்கிக் கொடுத்ததா?"

"அவ அப்படித்தான் நெனச்சா. தெரு பூராக் காட்டிட்டு வந்தா." தாண்டவன் தலையைக் குனிந்துகொண்டான். "வாசல்ல சத்தம் நின்னா, யாரோட பேசறான்னு எட்டிப் பார்ப்பேன். கிணத்தடியில நின்னா, எத்தனை நேரம்னு எண்ணுவேன். தயிர்க்காரர்கிட்ட சிரிச்சாலும் எனக்கு வயிறு எரியும். அன்னிக்குக் கொல்லையில சத்தம் நின்னுச்சு. என்னை அறியாம 'ஹை'ன்னுட்டேன் சாமி."

குருவின் கை அரிவாள்மணையில் நின்றது.

"அவ என்ன பண்ணிட்டிருந்தா?"

"கால்ல முள்ளு. குனிஞ்சு எடுத்துட்டிருந்தா."

"எல்லாரும் இங்க குடும்பத்தோட வர்றாங்க. நீ மட்டும் ஏன் தனியா வர்றே?"

"உங்க சிரிப்புக்குப் பயந்துதான். அவளும் கூடச் சேர்ந்து சிரிச்சிடுவாளோன்னு."

குரு சிரித்தே விட்டார். பிறகு கொலுசை அவன் பக்கம் தள்ளினார்.

"கட்டிக்கோ."

"நானா?"

"உன் காதுக்குத்தானே வாங்கினே? அப்ப உன்னோடதுதான். கட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போ."

"ஊரே சிரிக்குமே சாமி."

"சிரிக்கட்டும். நீ தெருமுனையில வரும்போதே அவளுக்குக் கேட்கும். கதவைத் திறக்கலாமா சாத்தலாமான்னு யோசிக்க நேரம் இருக்கும்."

"சாத்திட்டா?"

"திரும்பி வா."

அவன் கணுக்காலுக்குக் கொலுசு எட்டவில்லை. குரு எழுந்து போய்ச் சணல் கயிறு எடுத்து வந்து கொடுத்தார்.

நாலாம் நாள் தாண்டவன் வந்தான். காலில் கொலுசு இல்லை. கணுக்காலில் மஞ்சள் பற்று.

"முதல் நாள் பாதித் தெருவுலயே கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. திரும்பிட்டேன். ரெண்டாம் நாளும் அப்படித்தான். அவமானமா இருந்துச்சு சாமி. அதைவிட, இத்தனை வருஷம் அவ இதைக் கட்டிட்டு நடந்தாளேன்னு இருந்துச்சு."

"மூணாம் நாள்?"

"கதவு திறந்திருந்துச்சு. நான் வாசல்லயே நின்னேன். என் காலைப் பார்த்துட்டுச் சிரிச்சா. கயிறு உரசின இடத்துல மஞ்சள் வெச்சு விட்டா. கொலுசை வாங்கித் தன் பெட்டியில போட்டுக்கிட்டா. 'நாளைக்கும் வாங்க, பார்க்கலாம்'னா."

"அப்புறம் என்ன?"

"கொலுசு இல்லையே. நான் வர்றது அவளுக்கு எப்படித் தெரியும்?"

"வாசல்ல நின்னு கூப்பிடு. அவளுக்குப் பேர் இருக்கில்ல?"

பன்னிரண்டு வருஷத்தில் அவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உதடு கூசியது. மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"சௌந்தரம்."

குரு தலையாட்டினார். தாண்டவன் கும்பிட்டுவிட்டு நாலடி நடந்தான். என்னவோ தோன்றித் திரும்பி வந்தான்.

"கூப்பிட்டுட்டு எத்தனை நேரம் நிக்கறது சாமி?"

"அதை மட்டும் எண்ணாதே" என்றார் குரு.